வானத்தில் நாலு மணி, தரையில் எத்தனை மணி?

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை வெளிநாடு கிளம்புகிறான் என்றால் வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். "எவ்ளோ தூரம்பா?" "போய்ச் சேர எத்தினி மணி நேரம் ஆவும்?" துபாய் என்றாலும் சிங்கப்பூர் என்றாலும் டிராவல்ஸ்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நாலு மணி நேரம்தாம்மா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடலாம்."

அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் வாசலில் பெட்டியைத் தூக்கியதிலிருந்து துபாயில் தங்கும் அறைக்குள் கால் வைக்கிற வரைக்கும் எண்ணிப் பார்த்தால் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஓடியிருக்கும். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நாலு மணி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் முழுவதும் தரையில் கழிகிறது. விமானத் தூரம், பயண நேரம் என்று பேசும்போதெல்லாம் நாம் விட்டுவிடுகிற பகுதி அதுதான். திருவண்ணாமலை – செஞ்சி சாலையில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து பார்த்தால் அது பளிச்சென்று தெரிகிறது.

முதலில் வானத்துக் கணக்கைப் பார்ப்போம்.

கிழக்கும் மேற்கும் ஒரே தூரம்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,920 கிலோமீட்டர். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். ஒன்று தென்கிழக்கு, மற்றொன்று வடமேற்கு. நம் வட மாவட்டங்களின் இளைஞர்கள் அதிகம் போகும் இந்த இரண்டு நகரங்களும் சென்னைக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கின்றன. பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நாலே கால் மணி முன்பின்.

ஆனால் டிக்கெட்டைப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது. காலை 9 மணிக்குச் சென்னையிலிருந்து இரண்டு விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். துபாய் விமானம் அங்கே இறங்கும்போது துபாய்க் கடிகாரத்தில் 11.50. சிங்கப்பூர் விமானம் இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரத்தில் பிற்பகல் 3.45. காகிதத்தில் ஒன்று மூன்று மணி நேரத்துக்கும் குறைவு, மற்றொன்று ஆறே முக்கால் மணி நேரம். "சிங்கப்பூர்தான் ரொம்ப தூரம், துபாய் பக்கம்" என்று ஊரில் பலர் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். பயண நேரம் தெரிய வேண்டுமானால் இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிக் கழிக்க வேண்டும்.

சிங்கப்பூர்க் கடிகாரத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஊர் இருக்கும் தீர்க்கரேகைக்கு உலக நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னால் என்பதே சரியாக இருக்கும். அவர்கள் வைத்திருப்பதோ 8 மணி நேரம். 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தன் தீபகற்பப் பகுதியின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதற்கு முன்னால் அங்கே போய் வந்த தாத்தாக்கள் இரண்டு மணி வித்தியாசம் என்று சொன்னால் அவர்கள் காலத்துக்கு அது சரி.

பறங்கிமலையில் போட்ட சங்கிலி

2,930 கிலோமீட்டர் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நிலத்தில் நாடா பிடிக்க முடியாது, நடுவில் அரபிக்கடல் கிடக்கிறது. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் பூமியின் வளைவை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். அந்த வளைவு எவ்வளவு என்பதை அளக்கும் வேலை நம் நாட்டில் தொடங்கிய இடம், இன்றைக்கு இந்த விமானங்கள் ஏறும் மீனம்பாக்கத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் பறங்கிமலை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீள எஃகுச் சங்கிலியை மாற்றி மாற்றிப் போட்டு, பறங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டர் அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியைப் பெட்டிக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு அளவையும் திருத்தினார்கள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய்த்தான் குமரியிலிருந்து இமயம் வரை இந்தியா அளக்கப்பட்டது. லாம்டன் 1823-இல் வேலை முடியும் முன்பே இறந்துபோனார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். பறங்கிமலை உச்சியில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. விமான நிலையத்தில் ஆறேழு மணி நேரம் முன்கூட்டியே வந்து காத்திருக்கும் குடும்பங்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பூமி உருண்டை என்பது கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்குப் பாடப் புத்தகம் மட்டும் சொன்ன செய்தி இல்லை. அண்ணாமலை உச்சி 814 மீட்டர். கார்த்திகை தீபம் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தெரிவதற்கு அந்த உயரம்தான் காரணம். அவ்வளவு உயரத்திலிருந்து, மறைப்பு ஏதும் இல்லையென்றால், பார்வை அதிகபட்சம் சுமார் 100 கிலோமீட்டர் வரை போகும். அதற்கு அப்பால் பூமி வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் ஜன்னலிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர். அவ்வளவுதான்.

இந்த வளைவினால்தான் சுவரில் மாட்டிய உலகப் படம் நம்மை ஏமாற்றுகிறது. படத்தில் சென்னைக்கும் கனடாவின் டொரண்டோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, மத்திய ஆசியா, ரஷ்யாவைத் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே போய், மறுபக்கம் கனடாவுக்குள் இறங்கும். அதுதான் மிகக் குறுகிய பாதை, சுமார் 13,400 கிலோமீட்டர். டொரண்டோவில் இத்தனை தமிழர்கள் இருந்தும் சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ டெல்லியிலோ இறங்கி மாறித்தான் போக வேண்டும். மாறும் இடத்தில் மூன்று மணி நேரம் காத்திருப்பதும் பதின்மூன்று மணி நேரம் காத்திருப்பதும் டிக்கெட் விலையைப் பொறுத்தது.

இணையத்தில் தூரம் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே சென்னை – சிங்கப்பூர் தூரத்தை ஓர் இடத்தில் 2,920 என்றும், இன்னோர் இடத்தில் 1,815 என்றும், வேறோர் இடத்தில் 1,577 என்றும் பார்க்கலாம். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். எண்ணைப் பார்க்கும்போது கூடவே அலகையும் பாருங்கள்.

மதுரையைவிடக் கிட்டத்தில் இருக்கும் யாழ்ப்பாணம்

நேர்க்கோட்டுத் தூரத்துக்கும் மனிதர்கள் பட்ட பயண நேரத்துக்கும் எவ்வளவு பெரிய இடைவெளி இருக்க முடியும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355 கிலோமீட்டர். மதுரையைவிட யாழ்ப்பாணம் சென்னைக்குப் பக்கம்! ஆனால் பல பத்தாண்டுகள் இந்தப் பாதையில் பயணிகள் விமானமே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குக் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வரும் குடும்பம், முதலில் நேர் எதிர்த் திசையில் தெற்கே கொழும்பு வரை இரவெல்லாம் பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டும். பிறகு கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, தாங்கள் கிளம்பிய ஊரின் அட்சரேகையைத் தாண்டி வடக்கே சென்னைக்கு வர வேண்டும். ஒரு முழு நாள் அதற்கே போய்விடும்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது; 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இப்போது ஒன்றே கால் மணி நேரம். இரண்டு ஊர்களும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஒரு ஓடுதளத்தைச் சரிசெய்து, இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டதில் ஒரு நாள் பயணம் ஒன்றே கால் மணியாகிவிட்டது. பயண நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான்.

காற்றும் எல்லையும்

துபாய்க் கணக்குக்குத் திரும்புவோம். விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் போகிறது என்றால் 2,930 கிலோமீட்டரை மூன்றரை மணியில் கடந்துவிட வேண்டும். பிறகு ஏன் நாலே கால்? விமான நிறுவனங்கள் எண்ணுவது பறக்கும் நேரத்தை மட்டும் இல்லை. நிறுத்திய இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரைக்கும் எண்ணுகிறார்கள். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக ஏறுவது, இறங்கும் ஊருக்கு மேலே வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். பாதையும் நூல் பிடித்த மாதிரி போகாது. ராயலசீமை, வட கர்நாடகம், கொங்கணக் கரை, அரபிக்கடல், ஓமன் என்று வகுத்த வான்வழிகளில் வளைந்து வளைந்து போகும். தாமதமானால் பெயர் கெடும் என்பதால் அட்டவணையில் கொஞ்சம் கூட்டிப் போடுவதும் வழக்கம். "விமானம் 20 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது" என்று பயணிகள் மகிழ்வது அந்தக் கூட்டலினால்தான்.

அடுத்தது காற்று. எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் அடித்தால் 830 என்பது 730 ஆகிவிடும், பயணம் நாலு மணி நேரம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 930, மூன்று மணி பத்து நிமிடம். ஒரே விமானம், ஒரே தூரம், ஐம்பது நிமிட வித்தியாசம். குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடா அட்சரேகைகளுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. ஜனவரியில் துபாயிலிருந்து ஊர் திரும்புபவர்கள் போனதைவிடச் சீக்கிரம் வந்து சேர்வது அதன் தயவில்.

நம் தலைக்கு மேலே ஓடும் காற்று இதற்கு நேர் எதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல், 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று வீசுகிறது. உலகம் முழுவதும் பெருங்காற்றுகள் மேற்கிலிருந்துதான் வரும் என்று நம்பியிருந்த காலத்தில், பலூன் அளவைகளைப் பார்த்து இந்தக் கீழைக் காற்றை உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். 1950-களில் நடந்த ஆராய்ச்சி அது. பின்னாளில் அவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநரானார். தென்மேற்குப் பருவமழையை விளக்குபவர்கள் இன்றும் அந்தக் காற்றைச் சொல்லாமல் விளக்க முடியாது. விமானங்கள் அதைவிடக் கொஞ்சம் தாழப் பறந்தாலும் அதன் கீழ் விளிம்பு அவற்றைத் தொடும். ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானத்துக்குத் தொடக்கத்தில் ஒரு தள்ளு கிடைப்பது அதனால்தான்.

காற்று பருவத்துக்குப் பருவம் மாறும். எல்லைகள் ஒரே இரவில் மாறும். 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டியதாயிற்று. டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கும் தாஷ்கண்டுக்கும் போன விமானங்களை இண்டிகோ நிறுத்தியே விட்டது. சுற்றிப் போனால் அந்த விமானங்களுக்கு எட்டாத தூரம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போக ஒன்பது மணி நேரமாக இருந்தது பதின்மூன்று மணி நேரம் ஆனது. சென்னை – துபாய் பாதை கடல் மேலே போவதால் பாகிஸ்தான் தடை அதைப் பெரிதாகத் தொடவில்லை. வளைகுடாவில் போர் மூளும் நாட்களில் மட்டும் நம் ஊர் வீடுகளில் டிவி அணையாமல் ஓடும்.

அறுபது ஆண்டுகளாக வேகம் ஏறவில்லை

நம் முன்னோர்கள் கடல் கடந்த காலத்தை நினைத்தால் நாலு மணி நேரம் பேரதிசயம். 1926-இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா என்ற கப்பல் சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். ஏறத்தாழ ஒரு வாரம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, மூட்டை முடிச்சோடு போன தலைமுறைகள் மலேசியத் தமிழர் குடும்பங்களில் இன்றும் அந்தப் பெயரைச் சொல்கின்றன. 1970-களின் தொடக்கம் வரை ரஜூலா ஓடியது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்தோடு சென்னை – சிங்கப்பூர் கப்பல் பயணமே முடிந்துபோனது.

வானத்தில் முதல் பாய்ச்சல் 1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தை ஓட்டி வந்தார். அந்தத் தபாலை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். 1948 ஜூன் 8-ஆம் தேதி ஏர் இந்தியாவின் முதல் வெளிநாட்டு விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவாவில் நின்று லண்டன் போனது. 1960-இல் போயிங் 707 ஜெட் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. போயிங் 707 பறந்த வேகத்துக்கும் இன்றைக்கு 787 பறக்கும் வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் 1976-இல் வந்து 2003-இல் ஓய்ந்துவிட்டது. எண்ணெய்ச் செலவும் சத்தமும் அதைத் தின்றுவிட்டன. இடைப்பட்ட காலத்தில் விமானங்கள் பெரிதாயின, எண்ணெய் மிச்சமானது, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டரை இறங்காமல் ஏறத்தாழ பத்தொன்பது மணி நேரத்தில் கடக்க முடிகிறது. வேகம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆக, வானத்தில் இனி நமக்கு மிச்சமாகப் போகிற நேரம் எதுவும் இல்லை. நேரம் மிச்சமானால் தரையில்தான் ஆக வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் டு மீனம்பாக்கம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர். சாலையில் செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். விமானத்துக்கு இது பத்துப் பதினைந்து நிமிடத் தூரம். பஸ்ஸில் போகிறவருக்கு நாலு மணி நேரம், நெரிசல் இருந்தால் ஐந்து. 2,930 கிலோமீட்டர் வானத்தைக் கடக்கும் நேரமும் இந்த 160 கிலோமீட்டர் தரையைக் கடக்கும் நேரமும் ஒன்று!

இந்த நாலு மணியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திண்டிவனம் வரை ஓரளவு நிதானமான சாலை. அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியதும் ஆத்தூர் சுங்கச்சாவடி, பரனூர் சுங்கச்சாவடி. ஞாயிற்றுக்கிழமை மாலையும் பண்டிகை விடுமுறை முடிவிலும் பரனூரில் வண்டிகள் நிற்கும் நீளத்தைப் பார்த்தவர்கள் அன்றைக்கு விமானம் பிடிக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தெற்கேயிருந்து வரும் பேருந்துகளுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். அங்கே இறங்கி, இருபத்து மூன்று கிலோ, முப்பது கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு மாநகரப் பேருந்து மாற வேண்டும், அல்லது ஆட்டோ, கால் டாக்ஸி. விமான நிலையத்துக்கு இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் பேச்சில் இருக்கிறது, ஓடவில்லை. அதனால்தான் கடன் வாங்கியாவது கார் பேசிவிடுகிறார்கள். பிள்ளை சம்பாதிக்கப் போகும் முதல் பயணத்தில் விமான டிக்கெட்டுக்கு அடுத்த பெரிய செலவு பல வீடுகளில் அந்தக் கார் வாடகை.

இந்தச் சாலையில் இன்னொரு கணக்கும் உண்டு, அதை எந்தப் பயண ஆப்பும் சொல்லாது. பௌர்ணமி அன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் வண்டிகள் எல்லாம் கீழ்பென்னாத்தூரைத் தாண்டித்தான் போகும். மறுநாள் விடியற்காலை அத்தனையும் திரும்பும். அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவக் கூட்டம் செஞ்சிப் பக்கம் திரளும். கார்த்திகை தீபத்தைச் சொல்லவே வேண்டாம். டிக்கெட் போடும் முன் தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் புரட்டிப் பாருங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் காலை விமானம் என்றால், தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் முந்தின நாளே தாம்பரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிவிடுவது உத்தமம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். இரவு 10 மணிக்கு விமானம் என்று வையுங்கள். வெளிநாட்டு விமானங்களுக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்கச் சொல்கிறார்கள், அதாவது 7 மணி. பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலும் 9 மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு கெஞ்சிப் பயனில்லை. குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை வரிசைகள் அதற்கு மேல். சாலைக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது பிற்பகல் 2 மணி. குலசாமி கோவில், படத்துக்குக் கற்பூரம், சொந்தபந்தம் என்று கிளம்பும் நேரம் நீளும் என்பதால் 1 மணி என்று சொல்லி வையுங்கள்.

திரும்பி வருவது இதைவிடக் கஷ்டம். வளைகுடாவிலிருந்து வரும் பல விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே சென்னையில் இறங்குகின்றன. துபாயில் இரவு 10 மணிக்கு ஏறினால் இங்கே மூன்றரை மணி. இரண்டு வருடம் கழித்து வரும் பிள்ளையை அழைக்க முந்தின மாலையே வேன் பேசிக் கிளம்பி, விமான நிலைய வாசலில் தூங்கி வழிந்து நிற்கும் குடும்பங்களை எந்த இரவு போனாலும் பார்க்கலாம். கம்பித் தடுப்பைப் பிடித்தபடி குழந்தைகள் நிற்கும். அப்பாவின் முகம் போனில் பார்த்த முகம்தானா என்று அவை தயங்குவது ஒரு நிமிடம், அவ்வளவுதான். பிறகு ஓடும். ஊர் வந்து சேரும்போது காலை 8, 9 மணி.

சென்னையை விட்டால் வேறு வழி இருக்கிறதா? புதுச்சேரி விமான நிலையம் கிட்டத்தில் இருந்தாலும் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. பெங்களூரு தேவனஹள்ளி வெகு தூரம். திருச்சியை யோசிக்கலாம். சாலையில் 200 கிலோமீட்டர் அளவில் இருந்தாலும் பெருநகர நெரிசல் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்கள் அங்கிருந்தே போகின்றன. 2024-இல் திறந்த புது முனையம் விசாலமானது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சென்னையிலிருந்து இருப்பதைவிட சில பத்து கிலோமீட்டர்தான் கூடுதல், துபாய் ஏறக்குறைய அதே தூரம்தான். கட்டணம் ஒத்து வந்தால், குறிப்பாகப் பௌர்ணமி, பொங்கல் சமயங்களில், திருச்சியே நல்லது என்பது என் கருத்து.

வராத ரயில்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு சுமார் 70 கிலோமீட்டர் புது ரயில் பாதை 2006–07-இல் அனுமதிக்கப்பட்டது. அந்த வருடம் பிறந்த குழந்தைகள் இன்று பாஸ்போர்ட் எடுத்து வேலைக்குக் கிளம்பும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பாதை இன்னும் முடியவில்லை. அது வந்தால் திண்டிவனத்தில் சென்னைக்குப் போகும் முதன்மை ரயில் பாதையோடு இந்த ஊர்கள் இணையும்; தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினால் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். பெட்டியோடு சாலையைக் கடந்தால் போதும். இப்போது திருவண்ணாமலையிலிருந்து சென்னைக் கடற்கரை போகும் ரயில் காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றி ஏறத்தாழ ஆறு மணி நேரம் எடுக்கிறது. விமானம் பிடிக்க அதை நம்ப முடியாது.

ரயில் பாதைக்குக் கோடிகள் வேண்டும், நிலம் வேண்டும், நாள் ஆகும். பஸ்ஸுக்கு அப்படி இல்லை. மைசூரிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு நேராகப் போக கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் ஃப்ளைபஸ் என்ற பெயரில் பல ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறது. பெட்டி வைக்க இடம், விமான நேரத்துக்கு ஒத்த அட்டவணை, கடைசி நிறுத்தம் விமான நிலைய வாசல். திருவண்ணாமலையில் கிளம்பி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் முனைய வாசலில் இறக்கிவிடும் அப்படியொரு பேருந்து, மாலையில் இரண்டு, திரும்பி வர விடியற்காலை இரண்டு என்று ஓடினால் கார் வாடகைக்குக் கடன் வாங்கும் நிலைமை பாதி வீடுகளில் தீரும். இதற்குப் புது சாலை வேண்டாம், புது சட்டம் வேண்டாம். போக்குவரத்துக் கழகம் மனது வைத்தால் அடுத்த மாதமே ஓட்டலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வெளிநாட்டில் ஆள் இருக்கும் குடும்பங்கள் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். ரயில் பாதையை முடிக்கச் சொல்லியும் விமான நிலையப் பேருந்து கேட்டும் தீர்மானம் கொண்டுவந்து, பதிவேட்டில் எழுத வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். நகலைப் போக்குவரத்துக் கழகத்துக்கும் தெற்கு ரயில்வேக்கும் தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி. அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள்.